அல்பின் வண்டியின் வலது பின்பக்கம்

புதன்கிழமை சாயங்காலம் அல்பின் தன் வண்டியைத் தன் வீட்டு வாசல் தூணிலேயே உரசினார். உரசிய கையோடு சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, கீழே இறங்குவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்தார். இது நடக்கவே இல்லை.

வேறு யாராவது கட்டிய தூணாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். இது அவரே குழி வெட்டி, அவரே சிமென்ட் ஊற்றி, அவரே வெள்ளையடித்த தூண். பீரங்கி வந்து மோதினாலும் அசையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொன்னபடியே அது அசையவில்லை.

நடந்தது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை, வழிப்பயணம் போகிறவர்களின் காவலரான புனித கிறிஸ்தோபரின் திருநாள். அன்றைக்குப் பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் ஊர் வண்டிகள் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையில் நிற்கும். பாதிரியார் ஒவ்வொரு வண்டிக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். டிராக்டருக்கும் உண்டு, குழந்தைகள் சைக்கிளுக்கும் உண்டு. அந்த வரிசையை ஒழுங்காக நிறுத்துகிற பொறுப்பு பல வருஷமாக அல்பினுடையது. ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "வா, வா, நில்" என்று கையாலேயே எல்லோரையும் ஆட்டி வைப்பார். புதன்கிழமை கோயில் கூட்டத்தில் இந்த வருஷத்துக்கும் அவர்தான் என்று முடிவானது. அந்தச் சந்தோஷத்தில், வீட்டு வாசலில் திரும்பும்போதே சைகையை ஒத்திகை பார்த்தார். இடது கை ஸ்டியரிங்கில் இருந்தது. வலது கை கம்பீரமாக "நில்" என்று காட்டியது. கால் அதைக் கவனிக்கவில்லை.

இறங்கிப் பார்த்தார். வலது பின்கதவிலிருந்து பம்பர் வரைக்கும் நீல வண்டியில் இரண்டு முழ நீளத்துக்கு வெள்ளைத் தடம். சக்கரத்துக்கு மேலே வளைந்து போகும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டையைப் பார்த்தால் பூனை பிராண்டிய சோபா மாதிரி இருந்தது. அல்பின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சாவு வீட்டில்கூட அவர் அவ்வளவு நேரம் தொப்பியைக் கழற்றி நின்றதில்லை.

வண்டியில் கோடு விழுவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அல்பின் வீட்டில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. போன குளிர்காலத்தில் பன்றி வெட்டிய விருந்தன்று, கையில் இரத்தத் தொத்திறைச்சித் தட்டோடு, ஊரார் முன்னிலையில் அவரே போட்ட சட்டம்.

"என்னைக்கு இவ வண்டியை வெளியே எடுத்துட்டுப் போயி, ஒரு கீறல் இல்லாம திருப்பிக் கொண்டாந்து நிறுத்துறாளோ, அன்னைக்கே சாவி இவளோடது. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"அப்ப சாவியைக் குடுங்க. இப்பவே ஒரு சுத்து போயிட்டு வரேன்" என்றாள் அவர் மனைவி யுஸ்தினா.

"கீறிடுவியே! அப்புறம் எப்படிக் குடுக்கிறது?"

ஊர் சிரித்தது. சட்டம் நிறைவேறியது. யுஸ்தினா சிரிக்கவில்லை. காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

யுஸ்தினாவுக்கு லைசென்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கூட்டுறவு பேக்கரியின் ரொட்டி வேனை மலைப்பாதையில் ஓட்டியவள். ஆனால் எந்தக் காலத்திலோ ஒருமுறை, எதிரே வந்த வைக்கோல் வண்டியில் பட்டுப் பழைய காரின் பக்கக் கண்ணாடி உடைந்தது. அல்பின் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதலில் கண்ணாடி மட்டும் போனது. அடுத்த வருஷம் கதவும் போனது. போன விருந்தில் வைக்கோல் வண்டிக்காரனுக்கே கால் ஒடிந்திருந்தது.

அவளுக்கு வண்டி ஊர் சுற்றுவதற்கு வேண்டியிருக்கவில்லை. திராவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அக்கா மிலேனா இருந்தாள். குளிர்கால முடிவில் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து படுத்தவள், இன்னும் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்தான் நடந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போகிற பேருந்தை வசந்தத்தோடு நிறுத்திவிட்டார்கள். அல்பின் கொண்டுபோய் விடமாட்டார். காரணம், மிலேனாவின் புருஷன் ஸ்டாங்கோ.

சகலைகள் இரண்டு பேரும் பேசிப் பல வருஷமாகிறது. அல்பின் மகள் கல்யாணத்தில், அல்பின் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் பிழிந்து, சொந்த நிலவறையில் காத்து வைத்திருந்த ஒயினை ஸ்டாங்கோவுக்கு ஊற்றிக் கொடுத்தார். ஸ்டாங்கோ ஒரு வாய் குடித்தான். யோசித்தான். பிறகு கையை நீட்டி சோடா பாட்டிலை எடுத்து டம்ளரின் விளிம்பு வரைக்கும் ஊற்றினான். அல்பினுக்கு அன்றைக்கு உறவு முடிந்தது. ஒரு மனுஷன் முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூட அவர் மன்னித்திருப்பார்.

வியாழக்கிழமை காலையில் யுஸ்தினா கோழிக்குத் தீனி போட வந்தவள் நின்று பார்த்தாள்.

"ஏங்க, வண்டியை ஏன் செவுத்தோட ஒட்டி நிறுத்தியிருக்கீங்க?"

"நிழலுக்கு."

"நிழல் அந்தப் பக்கம் இருக்கு."

"சாயங்காலம் இந்தப் பக்கம் வரும்."

"சாயங்காலம் எதுக்கு நிழல்?"

"உனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

"அது சரி" என்று சொல்லிவிட்டு அவள் கோழிகளோடு பேசப் போய்விட்டாள். அல்பின் மூச்சு விட்டார்.

டவுனுக்குப் போய் டச்-அப் பெயின்ட் வாங்கலாம். ஆனால் அந்தக் கடையில் நிற்கிறவள் பக்கத்து வீட்டு ஃபெலிக்ஸின் மருமகள். நீல பெயின்ட் டப்பா அல்பின் கைக்கு வருவதற்குள் செய்தி ஃபெலிக்ஸ் காதுக்கு வந்துவிடும். டிங்கரிங் பட்டறைக்குப் போனால் அங்கே வண்டியோடு காத்து நிற்க வேண்டும். நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். ஆகவே வீட்டில் இருப்பதை வைத்தே ஆக வேண்டும்.

வண்டியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார். முதலில் பற்பசை. வெள்ளைத் தடம் அதற்குக் கொஞ்சம் இளகிக் கொடுத்தது. அல்பினுக்கு நம்பிக்கை வந்தது. நம்பிக்கை வந்தால் அவருக்கு நிதானம் போய்விடும். சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்துவந்து அழுத்தித் தேய்த்தார். வெள்ளை முழுக்கப் போனது. அதோடு வண்டியின் பளபளப்பும் போனது. வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய மங்கல். குளிர்காலத்து ஜன்னலில் யாரோ ஊதிவிட்டுப் போன மாதிரி இருந்தது. மெழுகைத் தடவினார், மங்கல் கொஞ்சம் மங்கியது. தூரத்தில் நின்று, கண்ணைச் சுருக்கி, அதிகம் நினைக்காமல் பார்த்தால் தெரியாது.

பிளாஸ்டிக் பட்டைதான் பாக்கி. கறுப்பில் சாம்பல் கோடுகள். அதற்கு ஒரு கறுப்பு வேண்டும். ஷூ பாலிஷ் டப்பாவைத் திறந்தார். வறண்டு வெடித்துக் கிடந்தது. அடுப்படியைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். அலமாரியில், சாலட்டுக்கு ஊற்றுகிற பூசணி விதை எண்ணெய் பாட்டில் நின்றது. அந்தப் பக்கத்து வீடுகளில் உப்பு இல்லாமல்கூட இருப்பார்கள், அது இல்லாமல் இருக்க மாட்டார்கள். விதையை வறுத்து ஆட்டிய எண்ணெய். ஊற்றினால் பச்சை, பாட்டிலுக்குள் பார்த்தால் தார் மாதிரிக் கறுப்பு.

அல்பின் பழைய பனியன் துணியில் நனைத்துத் தடவினார். பட்டை மின்னியது! புது வண்டியில்கூட அப்படி ஒரு கறுப்பு இருந்ததில்லை. ஒரு பக்கம் மட்டும் மின்னினால் சந்தேகம் வருமே என்று நாலு சக்கரத்துக்கு மேலும் தடவினார். அப்புறம் பம்பரின் கீழ்ப்பட்டை, கண்ணாடி விளிம்பு, கதவுக் கைப்பிடி. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார்.

"பாட்டில்ல பாதி எண்ணெயைக் காணோம்" என்றாள் யுஸ்தினா.

"சாலட்ல ஊத்திக்கிட்டேன்."

"ரெண்டு நாளா சாலட்டே போடலையே."

"ரொட்டியில தொட்டுக்கிட்டேன்."

"அரை பாட்டிலா?"

"வயசான காலத்துல மனுஷன் ஆசைப்பட்டு ரெண்டு துண்டு சாப்பிடக் கூடாதா?"

"சாப்பிடுங்க. வேணாம்னா சொன்னேன்?" என்று அவர் தட்டில் இன்னும் இரண்டு துண்டு ரொட்டி வைத்து, மிச்ச எண்ணெயையும் பக்கத்தில் வைத்தாள். அல்பின் தின்றார். வேறு வழி இல்லை.

அந்த எண்ணெயைப் பற்றி அங்கே துணி துவைக்கிற பெண்கள் எல்லாருக்கும் ஒன்று தெரியும். மேஜை விரிப்பில் சிந்தினால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கையை ஒடித்துக்கொள்ள மாட்டார்கள். வெயிலில் விரித்துவிடுவார்கள். வெயில் பட்டால் அந்தக் கறை தானாகவே வெளுத்துவிடும். அல்பின் வாழ்நாளில் ஒரு மேஜை விரிப்பைத் துவைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. மத்தியானத்துக்குள் கறுப்பு எல்லாம் போய், சாம்பல் கோடுகள் பழையபடி எட்டிப் பார்த்தன. பிசுக்கு மட்டும் போகவில்லை. ரோட்டுப் புழுதி முழுக்க அதில் வந்து உட்கார்ந்தது. வறுத்த விதை வாசனை வாசல் தாண்டி வீசியது. ஃபெலிக்ஸின் நாய் ரூனோ வேலியைத் தாண்டி வந்து, வலது பின்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டையைப் பொறுமையாக நக்கிக்கொண்டிருந்தது.

"என்ன அல்பின், நம்ம நாய் உன் வண்டி மேல இவ்வளவு பாசமா இருக்கு?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஃபெலிக்ஸ் கேட்டார்.

"நல்ல நாய்."

"என் வண்டியை அது திரும்பிக்கூடப் பாக்காது."

"உன் வண்டியைக் கழுவினாத்தானே பாக்கும்?"

"உள்ளே கறி எதாவது வெச்சிருக்கியா?"

"நாயைக் கூப்பிடுப்பா!"

ஃபெலிக்ஸ் கூப்பிட்டார். நாய் அவரைப் பார்த்தது. பட்டையைப் பார்த்தது. பட்டையே மேல் என்று முடிவு செய்தது.

அன்று அல்பினுக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரே வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வரும். கும்பிட வருகிறவர்களைவிட, யார் வண்டியில் எங்கே அடி என்று பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். வரிசையை நிறுத்துகிறவனுடைய வண்டியிலேயே கோடு என்றால் விசிலை யார் மதிப்பார்கள்? அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யுஸ்தினா ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "அப்ப நீங்க மட்டும் கீறலாமா?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் சாவி போய்விடும். சாவி போனால் வாரந்தோறும் வண்டி ஆற்றைத் தாண்டி அந்தச் சோடாக்காரன் வீட்டு வாசலில் நிற்கும்.

யோசித்துக்கொண்டே படுத்திருந்தவருக்கு விடிகிற நேரத்தில் வழி பிறந்தது. அவ்வளவு சுலபமான வழி. இத்தனை நாள் எப்படித் தோன்றாமல் போனது என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

கோட்டை மறைக்க வேண்டியதில்லை. யுஸ்தினாவிடம் கொடுத்துவிட்டால் போதும்.

சனிக்கிழமை காலையில் ஃபெலிக்ஸ் வேலியோரம் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, அல்பின் முற்றத்தில் நின்று உரக்கச் சொன்னார்.

"யுஸ்தினா! இன்னைக்கு உங்க அக்காவைப் போய்ப் பாத்துட்டு வா. வண்டியை எடுத்துட்டுப் போ."

யுஸ்தினா கையிலிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தாள். கிட்டே வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உடம்புக்கு எதாவது பண்ணுதாங்க?"

"ஒண்ணும் பண்ணலை. பாவம், மிலேனா. கூடப்பிறந்தவ. எனக்கு மட்டும் மனசு இல்லையா?"

"இத்தனை மாசமா எங்கே வெச்சிருந்தீங்க அதை?"

"போறியா, இல்லையா?"

"போறேன். ஆனா அந்தச் சட்டம்?"

"சட்டம் சட்டம்தான். கீறல் இல்லாமக் கொண்டு வந்தா சாவி உன்னோடது. ஒரு கோடு இருந்தாலும், அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்கக் கூடாது."

யுஸ்தினா வேலிப் பக்கம் திரும்பினாள். "ஃபெலிக்ஸ் அண்ணே, கேட்டீங்களா?"

"கேட்டேன் தங்கச்சி."

"உங்க வீட்டுக்காரி கேட்டாளா?"

"அவ உள்ளே இருக்கா."

"கொஞ்சம் வெளியே கூப்பிடுங்க. ஏங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

அல்பின் இன்னொரு தடவை சொன்னார். சாட்சி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஃபெலிக்ஸ் மனைவி தில்கா ஈரக் கையோடு வந்து நின்று, திருமண வாக்குறுதியைக் கேட்கிற மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டாள்.

ஒரே ஒரு பயம் அவருக்கு இருந்தது. கிளம்பும் முன் அவள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டால்? அதனால் தானே வண்டியைச் சுவரிலிருந்து எடுத்து, மூக்கு ரோட்டைப் பார்க்க, அந்த நாட்டு வண்டிகளில் ஓட்டுகிறவர் ஏறுகிற இடது பக்கம் வீட்டைப் பார்க்க நிறுத்திக் கொடுத்தார். யுஸ்தினா நல்ல சட்டை மாற்றிக்கொண்டு, அக்காவுக்கு வால்நட் சுருள் ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். நிலவறையிலிருந்து அல்பினுடைய ஒயின் பாட்டில் ஒன்றையும் அவரைக் கேட்காமலே எடுத்து வந்தாள். வலது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து ஏறினாள்.

"சுத்திப் பாக்கலையா தங்கச்சி?" என்றார் ஃபெலிக்ஸ். அல்பின் நகர்ந்து வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு அண்ணே பாக்கணும்? இவர் கையில இருந்த வண்டி. இவர் கோடு விழ விடுவாரா?"

"விட மாட்டேன்" என்றார் அல்பின்.

வண்டி வாசலைத் தாண்டியது. தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு தள்ளுவண்டியே போகலாம், அவ்வளவு இடம்.

அதற்கப்புறம் அந்த நாள் நகரவே இல்லை. அல்பின் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைத் தயார் செய்தார். முதலில் அதிர்ச்சி. கோபம் கூடாது, கோபப்பட்டால் ஊர் அவள் பக்கம் போய்விடும். பிறகு துக்கம். கடைசியில் பெருந்தன்மை. "பரவாயில்ல யுஸ்தினா, உன்மேல தப்பில்ல, உன்னால முடியாது, அவ்வளவுதான்." இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் குரலை இன்னும் கொஞ்சம் தழைத்துக்கொண்டார். உண்மையிலேயே அவள்தான் உரசினாள் என்று சாயங்காலத்துக்குள் அவருக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. அவள்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

சாட்சி எங்கேயும் போய்விடக் கூடாதே என்று ஃபெலிக்ஸைக் கூப்பிட்டு முற்றத்து மேஜையில் உட்காரவைத்து ஒயின் ஊற்றினார். பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டியும் வெங்காயமும் வைத்தார். ஃபெலிக்ஸ் நிதானமாகச் சாப்பிட்டார். இருட்டிவிடுமோ, இருட்டில் கோடு தெரியாதோ என்று அல்பின் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரமாகிறதே, நிஜமாகவே எங்காவது மோதிவிட்டாளோ என்று அப்புறம் ஒரு கவலை. ஆற்றுப் பாலம் வேறு குறுகல்.

வெயில் சாய்வதற்குள் வண்டி வந்தது. யுஸ்தினா ரோட்டிலேயே திருப்பி, பின்பக்கமாக, ஒரே மூச்சில் வாசலுக்குள் ஏற்றி, முற்றத்தின் நடுவில் நிறுத்தினாள். நாலு பக்கமும் வெளிச்சம்.

அல்பின் எழுந்தார். அதிர்ச்சி முகத்தை மாட்டிக்கொண்டார். வேறெங்கும் பார்க்காமல் நேராக வலது பின்சக்கரத்துக்கு நடந்தார். நடக்கும்போதே வாக்கியம் தொடங்கிவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன் யுஸ்தினா, உன்னால..."

நின்றுவிட்டார்.

நீல பெயின்டில் மேகமும் மாலை வானமும் தெரிந்தன. மங்கல் இல்லை. தடம் இல்லை. பிளாஸ்டிக் பட்டை கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரிக் கறுப்பு, மிதமான கறுப்பு, பிசுக்கு இல்லாத கறுப்பு. கதவில் ஒருவன் முகம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அது அல்பின் முகம்.

ஒருவேளை பக்கம் மாறிவிட்டதோ என்று இடது பக்கம் போய்ப் பார்த்தார். திரும்பி வலது பக்கம் வந்தார். மண்டி போட்டார். கன்னத்தை வண்டியோடு ஒட்டிவைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். விரலால் தடவினார். முகர்ந்தார். வண்டி விலை உயர்ந்த பாலிஷ் வாசனை அடித்தது.

"என்ன தேடறே?" ஃபெலிக்ஸ் டம்ளரோடு வந்து நின்றார்.

"கோடு."

"எந்தக் கோடு?"

"இங்க ஒரு..." அல்பின் நிறுத்தினார். "இருந்தா இங்கதான் இருக்கும்னு."

"ஏன் இங்க இருக்கணும்? வண்டிக்கு நாலு பக்கம் இருக்கே."

"பொம்பளைங்க எப்பவும் இந்தப் பக்கம்தான் உரசுவாங்க."

"அப்படியா?" என்றாள் யுஸ்தினா. "எதையோ தொலைச்சவர் மாதிரித் தேடறீங்களே. காலையில இங்க எதாவது இருந்துச்சா?"

ஃபெலிக்ஸ் அல்பினைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தில்கா பார்த்தாள். நாய் வந்து பின்சக்கரத்தை முகர்ந்துவிட்டு, ஏமாந்துபோய்த் திரும்பிப் போனது.

"இல்லை" என்றார் அல்பின். "காலையில ஒண்ணும் இல்லை."

"இப்ப?"

அல்பின் வண்டிக் கதவைப் பார்த்து எதையோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுப்பா, தில்காவுக்குக் காது மந்தம்" என்றார் ஃபெலிக்ஸ்.

"இப்பவும் ஒண்ணும் இல்லை."

யுஸ்தினா சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். பையின் வாயை மூடினாள். அந்த 'டிக்' சத்தம் அல்பினுக்கு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் அவர் சூப்பைக் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"மிலேனா எப்படி இருக்கா?"

"என்னைப் பாத்ததும் அழுதுட்டா. அப்புறம் முற்றம் வரைக்கும் நடந்து வந்தா. நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன். விழுந்ததுல இருந்து வெளியே வரலையாம்."

அல்பின் ஸ்பூனைக் கீழே வைத்தார். இது அவர் திட்டத்தில் இல்லாத விஷயம். என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அவ எதுக்கு முற்றத்துக்கு வந்தா?"

"ஸ்டாங்கோ வேலை செய்றதைப் பாக்க."

ஸ்டாங்கோவுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை உண்டு. பிணம் ஏற்றிப் போகிற கறுப்பு வண்டிகளுக்குப் பெயின்டும் பாலிஷும் போடுவதுதான் அவன் தொழில். துக்க வீட்டுக்காரர்கள் தங்கள் முகத்தை அந்தக் கறுப்பில் பார்ப்பார்கள், அதில் ஒரு மயிரிழைக் கோடும் இருக்கக் கூடாது என்பான்.

"என்ன வேலை?" என்றார் அல்பின், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"ஒரு வண்டியில வலது பின்பக்கம் கொஞ்சம் தேய்ச்சாரு. பெரிய அடி இல்லையாம். மேல் பூச்சு மட்டும்தான். யாரோ பாத்திரம் தேய்க்கிற நாரால தேய்ச்சு வெச்சிருக்காங்கன்னு வருத்தப்பட்டாரு. பிளாஸ்டிக்கில என்ன தடவியிருக்குன்னு அவருக்குப் புரியவே இல்லை. மிலேனா ஜன்னல்லேருந்தே சொல்லிட்டா, சாலட் வாசனை வருதுன்னு."

அல்பின் சூப்பைப் பார்த்தார். சூப் அவரைப் பார்த்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை. பால் வாங்கப் போறப்பவே. நீங்க வண்டியைத்தானே தேய்ச்சீங்க. தூணைத் தேய்க்கலையே. வெள்ளைத் தூண்ல இடுப்பு உயரத்துக்கு நீலக் கோடு. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போறாங்க. ஃபெலிக்ஸ் அண்ணன் முழம் வெச்சு அளந்தே பாத்தாரு."

"ஃபெலிக்ஸுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நீங்க எப்ப வண்டியை எனக்குக் குடுப்பீங்கன்னுதான் எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம். நான் வெள்ளிக்கிழமையே குடுத்துடுவீங்கன்னு நெனச்சேன்."

அல்பின் மெதுவாகக் கேட்டார்.

"என் ஒயினைக் கொண்டுபோனியே. அவன் குடிச்சானா?"

"குடிச்சாரு."

"சோடா ஊத்தினானா?"

"பாட்டிலை எடுத்தாரு. மிலேனா முறைச்சா. வெச்சுட்டாரு."

அல்பின் இன்னும் ஒரு கரண்டி சூப் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் விடியற்காலையில், ஊர் எழுந்திருக்கும் முன், அவர் தூணுக்கு வெள்ளையடித்தார். பிறகு ஆரஞ்சு மேல்சட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போனார். பூசை முடிந்ததும் விசில் ஊதினார். வண்டிகள் வந்தன. எல்லாருக்கும் கை காட்டினார். நீல வண்டி வந்தபோதும் காட்டினார், வா, வா. அவர் "நில்" என்று காட்டுவதற்கு முன்பே யுஸ்தினா சரியான இடத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வரிசை நிரம்பியதும் அல்பின் ஓடிப்போய் வலது பக்கக் கதவைத் திறந்து, ஓட்டுகிறவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து பார்க்கும்போது கோயில் கோபுரம்கூடக் கொஞ்சம் இடம் மாறின மாதிரி இருந்தது. கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடியது.

பாதிரியார் தீர்த்தத்தோடு வந்தார். பானட் மேல் தெளித்தார். ஜன்னல் வழியே தெளித்ததில் முக்கால்வாசி அல்பின் மூக்குக் கண்ணாடி மேல் விழுந்தது. பிறகு அவர், வண்டிக்குள் ஒட்டிக்கொள்வதற்கான சின்ன கிறிஸ்தோபர் படம் ஒன்றை யுஸ்தினா கையில் கொடுத்தார்.

அல்பினும் கையை நீட்டினார். பழக்கதோஷம்.

பாதிரியார் அந்தக் கையைப் பார்த்தார். ஜெபம் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"இது ஓட்டுறவங்களுக்கு மட்டும் அல்பின். பக்கத்துல உக்கார்றவங்க பெல்ட்டைப் போட்டுக்கிட்டுப் பேசாம வந்தாப் போதும்."